தண்ணீரில் இறக்கினால் மட்டும் மக்கர் செய்யும் வண்டி: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

நீருக்கடியில் ஓடும் ரோபோ வண்டியை மேசை மேல் வைத்துப் பார்க்கும்போது, அதைத் தள்ளும் ப்ரொப்பெல்லர் மோட்டார்களான ஆறு த்ரஸ்டரும் அழகாகச் சுற்றும், கேமரா பளிச்சென்று இருக்கும், ஜாய்ஸ்டிக் சொன்னபடி கேட்கும். குளத்தில் இறக்கினால் மட்டும் எங்கிருந்தோ வியாதி வந்துவிடும். கரையிலிருந்து கேபிள் வழியாக ஓட்டும் இந்த வண்டிகளுக்கான மேட் ஆர்.ஓ.வி. போட்டிக்குத் தயாராகும் எந்த மாணவர் அணியைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். போட்டியன்று குளத்தோரம் கிடைப்பது சாமானை அடுக்க 5 நிமிடம், வேலையை முடிக்க 15 நிமிடம், சுருட்டிக்கொண்டு கிளம்ப 5 நிமிடம். இந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து கோடிங்கில் பிழை தேட ஆரம்பிக்கிற பையனை முதலில் எழுப்பித் தள்ளி உட்கார வையுங்கள். நேற்று ஓடிய புரோகிராமை யாரும் தொடவில்லை என்றால் அது இன்றைக்குத் தானாகக் கெட்டுப் போகாது. தண்ணீரில் இறங்கிய பிறகு தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில்தான் ஆரம்பிக்கும்: போக வேண்டிய கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் போய்விட்டது. இந்த இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு கோடிங்குக்கு வாருங்கள்.

கீழே எழுதியிருப்பது அந்தப் போட்டியில் 12 வோல்ட்டில் ஓடும் ரேஞ்சர் பிரிவு வண்டியை மனதில் வைத்து. கரையில் இருக்கும் சப்ளையிலிருந்து டெதர் என்ற நீளக் கேபிள் வழியாக மின்சாரமும் சிக்னலும் இறங்கும், தொடக்கத்திலேயே ஒரு 25 ஆம்பியர் பியூஸ் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் பிரிவுக்கு 48 வோல்ட். எங்கே வித்தியாசப்படுமோ அங்கே சொல்கிறேன். கையில் மல்டிமீட்டர், டார்ச், டிஷ்யூ பேப்பர், கையால் இழுக்கும் வாக்யூம் பம்ப், ஒரு நோட்டு இருக்கட்டும். நோட்டை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டு, 'சரியாயிடுச்சு' என்று மூடி வைத்தால் எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது, போட்டியன்று அதே கோளாறு வந்து நிற்கும்.

முழு வேகம் கொடுத்ததும் திரை கறுத்துப் போகிறது, அரை நிமிடம் கழித்துத் திரும்ப உயிர் வருகிறது

உள்ளே இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. வோல்டேஜ் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். மேசை மேல் ஏன் இது வருவதில்லை என்றால், காற்றில் ப்ரொப்பெல்லருக்குத் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, சும்மா சுற்றும், கரண்ட் கொஞ்சம்தான் இழுக்கும். தண்ணீரில் அதே ப்ரொப்பெல்லர் எடையைத் தள்ள வேண்டும், கரண்ட் பல மடங்கு ஏறும், அது முழுக்க டெதர் வழியாகத்தான் வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.0075 ஓம். 15 மீட்டர் டெதர் என்றால் போக 15, வர 15, ஆக 30 மீட்டர், சுமார் 0.22 ஓம். 20 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே நாலரை வோல்ட் காலி. கரையில் 12, வண்டிக்கு 7.5. ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று தள்ளும் அந்தக் கணத்தில் கரண்ட் இன்னும் மேலே தாவும் என்பதால் இதற்கும் கீழே இறங்கும். 4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அதே கரண்ட்டுக்கு 9 வோல்ட் மிஞ்சும், ஆனால் டெதர் கனமாகி வண்டியைப் பின்னால் இழுக்க ஆரம்பிக்கும். இதனால்தான் தடியான ஒயரை முதல் மருந்தாக நான் சொல்வதில்லை.

உறுதி செய்ய ஒரு வழி: எலக்ட்ரானிக்ஸ் டியூபை, அதாவது போர்டுகள் இருக்கும் தண்ணீர் புகாத குழாயை, வெளியே திறந்து வைத்துவிட்டு, த்ரஸ்டர்களை மட்டும் ஒரு தண்ணீர் டிரம்மில் கட்டி இறக்குங்கள். முழு நீள டெதரையே பயன்படுத்துங்கள், சின்ன ஒயரில் சோதித்துப் பயனில்லை. மல்டிமீட்டரை வண்டிப் பக்கத்து டெர்மினலில் வைத்து ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றட்டும். எந்த எண்ணில் பை சாகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பை-யின் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் அதன் 5 வோல்ட் 4.63-க்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். சாவதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் சாகிறது, யாரும் கவனிப்பதில்லை.

சரிசெய்ய, செலவு குறைந்ததிலிருந்து: முதலில் கனெக்டர்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு சப்ளையை அணைத்து ஒவ்வொரு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அதன் கிரிம்ப், அதாவது ஒயரை நசுக்கிப் பிடித்த இடம், சரியில்லை. வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் புரோகிராமில் வேகம் சட்டென்று தாவாமல் அரை வினாடியில் ஏறும்படி செய்யுங்கள், எல்லா த்ரஸ்டரும் சேர்ந்து இழுக்கும் மொத்தத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸுக்குத் தனியாக, உள்ளே 6 வோல்ட் வந்தாலும் 5 கொடுக்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர். 48 வோல்ட் அணிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு, ஏனென்றால் அதே பவருக்குக் கரண்ட் கால் பங்கு, ஒயரில் வீணாவது பதினாறில் ஒரு பங்கு. அவர்களுக்கு வேறு தலைவலி: 48-ஐக் குறைக்கும் கன்வெர்ட்டர் வண்டியில்தான் இருக்க வேண்டும், காற்றோட்டமில்லாத டியூபுக்குள் அது சூடாகிப் பத்து நிமிடத்தில் தன்னை அணைத்துக்கொள்ளும். அலுமினிய மூடியோடு ஒட்டி வைத்தால் வெளித்தண்ணீரே அதைக் குளிர வைக்கும்.

பியூஸ் போகிறது

எப்போது போகிறது என்பதுதான் கேள்வி. சப்ளையைப் போட்ட உடனே போனால் ஷார்ட். பெரும்பாலும் ஈரமான கனெக்டர் அல்லது நசுங்கிய ஒயர். எதையும் போடாமல் டெதரின் கரைப்பக்க முனைகளில் ரெசிஸ்டன்ஸ் அளந்து பார்த்தாலே தெரியும். ஓட்டும்போது போனால் நீங்கள் கேட்பது அதிகம். டி200 என்ற மாடல் த்ரஸ்டர் ஒன்று 12 வோல்ட்டில் முழு வேகத்தில் 17 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆறும் சேர்ந்தால் நூறு, பியூஸோ 25. ஆக வரம்பு போடாமல் வண்டி இவ்வளவு நேரம் ஓடியதே ஆச்சரியம். முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது சடாரென்று பின்னால் தள்ளுவது இன்னும் மோசம்.

பெரிய பியூஸ் போட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. அந்த 25 போட்டி விதி, பாதுகாப்புப் பரிசோதனையில் கழற்றிப் பார்ப்பார்கள், அதைவிட முக்கியமாக குளத்தோரம் ஈரக் காலோடு நிற்பது நீங்கள்தான். அந்தப் பரிசோதனையிலேயே ப்ரொப்பெல்லர் வலையையும் பார்ப்பார்கள்: 12.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான எதுவும், அதாவது விரல், உள்ளே நுழையக் கூடாது.

டியூபுக்குள் தண்ணீர்

முதலில் சப்ளையை அணையுங்கள், அப்புறம் வெளியே எடுங்கள், அப்புறம் பேசலாம். பதற்றத்தில் இந்த வரிசையை மாற்றிச் செய்து போர்டைச் சுட்டவர்கள் நிறையப் பேர்.

4 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 0.4 கிலோ வீதம் அழுத்தும். 10 சென்டிமீட்டர் அகல மூடிக்கு அது மொத்தம் 31 கிலோ. மூடியை உள்நோக்கித்தான் தள்ளுகிறது என்பதால் மூடி கழன்று வருவது அபூர்வம், பிரச்சினை ஓரத்தில்தான். ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றுங்கள், கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பழைய ஏ.டி.எம். கார்டின் மூலை போதும். டார்ச் வெளிச்சத்தில் வைத்து இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தெரியும். ஒரே ஒரு தலைமுடி ஓ-ரிங்கின் குறுக்கே படுத்திருந்தால் போதும், தண்ணீர் அதன் ஓரமாகவே வழி கண்டுபிடித்துவிடும். அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்துப் பாருங்கள், முந்தின மாத மணல் அங்கே இருக்கும். சிலிக்கான் கிரீஸ் ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் போதும். அப்பி வைத்தால் அடைக்கும் என்று நினைப்பது தவறு. கிரீஸில் தூசிதான் ஒட்டும்.

ஓ-ரிங் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வருகிறது என்றால் அநேகமாகக் கேபிள் நுழையும் இடம். இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வெளியே நன்றாகத்தான் இருக்கும், அதில் ஊற்றிய எபாக்ஸி பசையும் கெட்டியாக இருக்கும், ஆனால் டெதரின் மேல்தோல் நடுவில் எங்கோ, குளத்தின் சிமெண்ட் விளிம்பில் உரசி ஒரு நூல் அளவுக்குக் கிழிந்திருக்கும். அந்த வழியாகப் புகுந்த தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் காப்பர் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து நேரே டியூபுக்குள் வந்து சொட்டும். கிளாண்டை எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது. எபாக்ஸி ஊற்றுமிடத்தில் உள் ஒயர்களின் இன்சுலேஷனையும் கொஞ்சம் உரித்து, இழைகளை ஈயத்தால் நிரப்பி, அதைச் சுற்றி எபாக்ஸி ஊற்றினால்தான் இந்தப் பாதை அடைபடும்.

எந்தக் கேபிள் என்று கண்டுபிடிக்க: எலக்ட்ரானிக்ஸை வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு கேபிள் நுழையும் இடத்திலும் உள்பக்கம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, மூடி, அரை மணி நேரம் குளத்தின் அடியில் போட்டு வையுங்கள். எந்தக் கோடு பரவியிருக்கிறதோ அதுதான் ஆள். பால்பாயின்ட் மை பரவாது, அதை எடுக்காதீர்கள்.

சரிசெய்த பிறகு நேரே குளத்துக்குப் போகாதீர்கள், வாக்யூம் சோதனை. பம்பால் உள்ளிருக்கும் காற்றை 10 இஞ்ச் மெர்க்குரி வரை இழுத்து 15 நிமிடம் விடுங்கள், பம்பின் முள் ஒரு இஞ்சுக்குள் மட்டும் இறங்கினால் சரி. இது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழத்தின் அழுத்தம், அதுவும் தண்ணீர் தள்ளும் அதே திசையில். சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அது எதிர்த் திசை, ஓ-ரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது, மூடி தெறித்து முகத்தில் அடிக்கவும் கூடும். ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துப் போய்ச் சோதித்தால் கசிவே இல்லாமலும் முள் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாத்ரூம் டைல்ஸுக்குப் பூசும் சிலிக்கான், வினிகர் வாடை அடிக்குமே அது, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வேண்டாம். காயும்போது வரும் அசிட்டிக் அமிலம் காப்பரை அரிக்கும், இரண்டு மாதம் கழித்துப் பச்சை பூத்து நிற்கும்.

நேரமே இல்லை, கசிவு சின்னது என்றால்? 2004-ல் சான்டா பார்பராவில் நடந்த மேட் போட்டிக்கு, பீனிக்ஸ் நகரத்தின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் பி.வி.சி. குழாயில் கட்டிய 'ஸ்டிங்கி' என்ற வண்டியோடு வந்தார்கள். பெட்டியில் கசிவு. அவர்கள் டேம்பான்களை வாங்கி உள்ளே வைத்து, சொட்டுவதை உறிஞ்ச விட்டார்கள், எம்.ஐ.டி. அணியைத் தாண்டி முதலிடமும் வந்தார்கள். அடைக்க முடியாததை உறிஞ்சு என்பது அன்றைய ஒரு நாளுக்கான வைத்தியம், ஆனால் அந்த ஒரு நாளுக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் கருவிப் பெட்டியில் நாப்கின் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

கேமரா கண்ணாடி மங்கலாகிறது

கசிவு என்று பயப்படுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் பனி படர்ந்திருந்து, டியூபின் அடியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் அது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக்காற்று. குளத்துத் தண்ணீர் கண்ணாடியைக் குளிர வைத்ததும் படிகிறது. குளத்தோரம் நின்று மூடியை மூடினால் அந்தப் புழுக்கத்தை நீங்களே உள்ளே அடைக்கிறீர்கள். ஏ.சி. அறையில் மூடுங்கள், புதிய சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள். செருப்பு டப்பாவில் கிடந்த பழைய பாக்கெட் ஏற்கெனவே வயிறு நிரம்பியது, அதனால் பயனில்லை.

த்ரஸ்டர் ஓடினால் மட்டும் படத்தில் கோடு கோடாக வருகிறது

அனலாக் கேமராவின் ஒயர் பவர் ஒயரோடு ஒட்டிப் போகிறது. முறுக்கிய ஜோடி ஒயருக்கு மாற்றுங்கள், கேமராவுக்குக் கிரவுண்டைத் தனியாகக் கொண்டு வாருங்கள். யு.எஸ்.பி. கேமராவை டெதர் வழியாகவே மேலே கொண்டுவர முயன்றால் 5 மீட்டருக்கு மேல் அது நம்பத்தகுந்ததல்ல. வண்டிக்குள் பை-யில் செருகி ஈதர்நெட்டில் அனுப்புங்கள், அது 100 மீட்டர் வரை தாங்கும்.

ஒரு த்ரஸ்டர் மட்டும் நடுங்குகிறது, சுற்றவில்லை

பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் மூன்று ஒயரில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. போர்டு பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தால் அது தொடக்கத்தில் எதிர்பார்க்கும் 1500 மைக்ரோ செகண்ட் நிறுத்த சிக்னல் வரவில்லை. பவர் வந்ததும் சில வினாடி அதை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை ஆரம்பியுங்கள். எல்லாம் சரி, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் ப்ரொப்பெல்லர் அச்சைப் பாருங்கள், தலைமுடியும் மீன் நரம்பும் இறுகச் சுற்றியிருக்கும்.

முதலில் மிதக்கிறது, போகப் போக அடியில் உட்காருகிறது

பி.வி.சி. சட்டத்துக்குள் காற்று மாட்டியிருந்து மெல்ல மெல்ல வெளியேறினால் இப்படி ஆகும். எல்லாக் குழாயிலும் மேலே ஒன்று கீழே ஒன்று ஓட்டை போடுங்கள், இறக்கியதும் குலுக்குங்கள். ஓட்டை போட்ட பிறகும் ஆழத்தில் மட்டும் கனக்கிறது என்றால் மிதவையில் இருப்பது நீச்சல் பழகுபவர்கள் பிடிக்கும் மென்மையான நூடுல் ஃபோம். ஆழம் கூடக் கூட அது நசுங்கி மிதப்பை இழக்கும். கெட்டியான ஃபோம், அல்லது இரு பக்கமும் அடைத்த குழாய். மிதவை மேலே, எடை கீழே, இதை மாற்றினால் வண்டி கவிழப் பார்த்துக்கொண்டே இருக்கும். குளத்தில் சரியாக எடை கட்டிய 10 கிலோ வண்டியைக் கடலில் இறக்கினால் அது கூடுதலாக 250 கிராம் மிதக்கும், அதற்கும் எடை கொண்டு போங்கள்.

நேராக ஓட்டினாலும் ஒரு பக்கமாக இழுக்கிறது

டெதரைக் கழற்ற முடியாது, ஆனால் டெதர் பிடிப்பவரைத் தளர விடச் சொல்லலாம். இழுப்பு உடனே குறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்; நிறைய அணிகளில் டெதர் பிடிப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, அதனால் புதிதாக வந்தவரிடம் தள்ளிவிடுவார்கள், அது தப்பு. தானாகத் திசை பிடிக்கும் வசதியைப் போட்டால் மட்டும் திரும்புகிறது என்றால் திசைகாட்டி சென்சாரைச் சந்தேகப்படுங்கள். வண்டியைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு த்ரஸ்டரைக் கொஞ்சம் ஓட்டுங்கள், விரல் வலைக்கு வெளியே இருக்கட்டும். வண்டி அசையாமல் எண் மட்டும் நகர்ந்தால், பவர் ஒயரின் காந்தப்புலத்தைத்தான் அது வடக்கு என்று நினைக்கிறது. பவர் ஒயர் இரண்டையும் முறுக்குங்கள், சென்சாரைத் தள்ளி வையுங்கள்.

கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் கை) ஒவ்வொரு முறையும் பொருளுக்கு முன்னாலேயே மூடுகிறது

ஓட்டுபவரைத் திட்டாதீர்கள். தட்டையான கண்ணாடி வழியே தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் முக்கால் தூரத்தில் இருப்பது போலத் தெரியும், 40 சென்டிமீட்டரில் இருப்பது 30-ல் இருப்பதாக. பார்வை அகலமும் சுருங்கும்: காற்றில் 80 பாகை காட்டிய கேமரா தண்ணீரில் 58 காட்டும். மேசையில் பழகிய கணக்கு அங்கே செல்லாது, கிரிப்பரின் நுனி எப்போதும் படத்துக்குள் இருக்கும்படி கேமராவை மாட்டி தண்ணீரிலேயே பழகுங்கள். கயிறில்லாமல் தானாக ஓடும் வண்டிகளுக்கு, சிங்கப்பூரின் எஸ்.ஏ.யு.வி.சி., சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) நடத்தும் சேவ் போன்ற போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு, இது இன்னும் சிக்கல், ஏனென்றால் காற்றில் எடுத்த கேமரா அளவீடு (காலிபரேஷன்) மொத்தமும் தவறான தூரத்தைத் தரும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட செக்கர் போர்டை லேமினேட் செய்து தண்ணீருக்குள் பிடித்து அந்த அளவீட்டை மறுபடியும் எடுங்கள்.

மேற்பரப்பிலேயே ஆழம் மைனஸில் காட்டுகிறது

சென்சார் கெடவில்லை. கடல் மட்டக் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்று புரோகிராமில் யாரோ நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2023-ல் மேட் உலகப் போட்டி நடந்த கொலராடோவின் லாங்மான்ட் கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் சுமார் 845, ஆக மேற்பரப்பில் இருக்கும் வண்டி தான் மைனஸ் 1.7 மீட்டரில் இருப்பதாகச் சொல்லும். தானாக ஆழம் பிடிக்கச் சொன்னால் நேரே அடிக்குப் போய் முட்டும். ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முன், வண்டி நிழலில் இருக்கும்போது பூஜ்ஜியம் எடுங்கள். வெயிலில் காய்ந்த சென்சாரில் எடுத்த பூஜ்ஜியம் தண்ணீரில் இறங்கியதும் நகரும். பூஜ்ஜியம் சரியாக இருந்தும் வண்டி மேலும் கீழுமாகத் துள்ளினால், செங்குத்து த்ரஸ்டர் கக்கும் தண்ணீர் நேராக சென்சார் மேல் அடிக்கிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் அதை வேறு மூலைக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஆழத்தைப் பிடித்து வைக்கும் புரோகிராமின் பி.ஐ.டி. எண்களில் கை வையுங்கள்.